கனலெட்டோவின் தேம்ஸ் கரைக் கோட்டோவியம்: நின்று வரைந்ததா, சேர்த்து வரைந்ததா?

மைக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

லண்டன் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் கனலெட்டோவின் கோட்டோவியம் ஒன்று இருக்கிறது. சோமர்செட் ஹவுஸ் தோட்டத்திலிருந்து லண்டன் பாலம் இருக்கும் திசையை நோக்கினால் தெரியும் தேம்ஸ் ஆற்றங்கரைதான் பொருள். இறகுப் பேனாவால் இழுத்த மைக்கோடுகள், அவற்றின்மேல் நீர்த்த சாம்பல் மைப் பூச்சு, வேறு வண்ணமே கிடையாது. அவர் இங்கிலாந்தில் தங்கியிருந்த 1746 முதல் 1755 வரையிலான ஆண்டுகளில் வரையப்பட்டது. முன்னால் மனிதர்கள் உலாவும் தோட்டத்து மேடை, அதையொட்டி வளைந்து செல்லும் ஆறு, ஆற்றில் படகுகள், வானவிளிம்பில் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம், அதைச் சுற்றித் தேவாலயக் கோபுரங்கள், எல்லாவற்றுக்கும் அப்பால் லண்டன் பாலம்.

இந்தப் படத்தை யார் எங்கே பகிர்ந்தாலும் ‘கேமரா பிறப்பதற்கு முன்பே எடுத்த ஒளிப்படம்’ என்ற பாராட்டும் கூடவே வந்துவிடுகிறது. அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. நானும் பேனாவால் வரைபவன் என்பதால் கோட்டைப் பார்த்தே பேசுகிறேன். மேடையில் நிற்கும் ஆண்களும் பெண்களும் மேலிருந்து பார்த்தவாறு தெரிகிறார்கள். அப்படியென்றால் வரைந்தவரின் கண் அவர்கள் தலைக்கு மேலே இருந்திருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்து மேடையும் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பாலமும் எதிர்க்கரையும் ஒரே தாளில் ஒரே தெளிவோடு அடங்குகின்றன. அங்கே நிற்பவருக்கு இத்தனையும் தலையைத் திருப்பாமல் தெரியாது. ஆகவே இது ஒரு இடத்தில், ஒரு பொழுதில், ஒரு பார்வையில் பிடித்த காட்சியன்று. பல பார்வைகளைச் சேர்த்து மேசையில் கட்டிய காட்சி என்பது என் வாதம். ஆனால் இதைக் கற்பனை என்று தள்ளவும் மனம் வரவில்லை. பழைய லண்டன் கரைக்கு இந்த ஓவியத்தை எந்த அளவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வெளிர்தாள்

முதலில் தாளையும் மையையும் பார்த்துவிட்டுப் பிறகு சாட்சியத்துக்கு வருவது நல்லது. பழைய தாள்களைப் பேணும் வேலையில் இருப்பதால் எனக்கு அந்த வழிதான் பழக்கம்.

அக்காலத்து ஐரோப்பியர் எழுதவும் வரையவும் பெரும்பாலும் பயன்படுத்திய மைக்கான சரக்குகள் நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைப்பவையே: மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, பிசின். மாசிக்காயை இடித்து ஊறவைத்தால் துவர்ப்புச் சாறு இறங்கும். அதில் அன்னபேதியைக் கரைத்தால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கறுக்கும். மை இறகில் ஒட்டி நிற்கவும் தாளில் பரவாமல் இருக்கவும் பிசின் சேர்ப்பார்கள். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, பல பத்தாண்டுகள் கழித்துப் பழுப்பாக மாறுவது இந்த மையின் குணம். கனலெட்டோவின் கோடுகளில் இன்று நாம் ரசிக்கும் இளஞ்சூடான பழுப்பு, பல இடங்களில் அவர் கண்ட நிறமே அன்று. அவர் மேசையிலிருந்து எழும்போது கோடு கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்திருக்கும். மேலே பூசிய சாம்பல் நிறம் கரியால் செய்த மை என்பதால் அது அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே கோட்டுக்கும் பூச்சுக்கும் இடையே இன்று தெரியும் நிற வேறுபாட்டை வைத்து அவருடைய கருத்தை ஊகிப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அடுத்தது, கோட்டுக்கு அடியில் இருப்பது. அவருடைய கோட்டோவியங்கள் பலவற்றில் மைக்குக் கீழே பென்சிலால் அளவுகோல் வைத்து இழுத்த கோடுகளும், கவராயத்தின் ஊசி குத்திய நுண்துளைகளும் காணக்கிடைக்கின்றன. பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ள அவருடைய 140க்கும் மேற்பட்ட கோட்டோவியங்களில் சிலவற்றை அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்து, 2017இல் கண்காட்சியாக வைத்தபோது அந்தப் பென்சில் வேலை நன்றாக வெளிப்பட்டது. கட்டடத்தின் முக்கியச் செங்குத்துகளையும் கூரை விளிம்புகளையும் முன்கூட்டியே வரையறுத்துவிட்டு, அதன்மேல் கையைத் தளர விட்டுப் பேனாவை ஓட்டியிருக்கிறார். துடிப்பாகத் தெரியும் கோட்டுக்குக் கீழே ஒரு கணக்கரின் ஒழுங்கு இருக்கிறது. மைக்கூடு சொல்லும் ‘மேசையில் கட்டியது’ என்பதை இது ஆதரிக்கிறது என்றே நினைக்கிறேன்.

தூண்வரிசை

மேசையில் முடித்ததாலேயே ஒரு படம் சாட்சியத் தகுதியை இழந்துவிடும் என்று நான் ஏற்கவில்லை. நில அளவையாளரும் வெளியில் அளந்து, உள்ளே உட்கார்ந்துதான் வரைபடம் போடுகிறார்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கனலெட்டோ லண்டனுக்கு வந்த அதே 1746ஆம் ஆண்டில் ஜான் ரோக் என்பவரின் விரிவான லண்டன் வரைபடம் 24 தாள்களில் வெளியானது. அதில் சோமர்செட் ஹவுஸின் ஆற்றோரத்திலிருந்து கோடுகள் இழுத்துப் பாருங்கள். அல்லது இன்றைய வரைபடத்திலேயே பாருங்கள், பேராலயமும் நினைவுத்தூணும் இடம் மாறவில்லை. செயின்ட் பால் பேராலயம் ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் தொலைவில், நேர்கிழக்கிலிருந்து சற்று வடக்கே விலகி நிற்கிறது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவாக எழுப்பிய மான்யுமென்ட் தூண் ஏறக்குறைய 2.2 கிலோமீட்டரில், கிட்டத்தட்ட நேர்கிழக்கே. பழைய லண்டன் பாலம் அதற்கும் சற்றுத் தெற்கே. பேராலயத்திலிருந்து பாலத்தின் நடுப்பகுதி வரை மொத்தமாகச் சேர்ந்தாலும் சுமார் 20 பாகைக்கு மேல் போகாது. நகரத்தின் வானவிளிம்பு முழுவதையும் தலையைத் திருப்பாமலே பார்த்துவிடலாம்.

உயரத்தையும் கணக்கிடலாம். பேராலயம் 111 மீட்டர், தூண் 62 மீட்டர். தொலைவையும் சேர்த்தால் பார்ப்பவர் கண்ணுக்குப் பேராலயம் தூணைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரமாகத் தெரிய வேண்டும். குவிமாடத்தை அவர் வேண்டுமென்றே பெரிதாக்கினார் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு சொல்லட்டும்.

வெனிசில் அவருடைய நம்பகத்தன்மை வேறு வகையிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. கால்வாய்க் கரை மாளிகைகளின் சுவரில் அலையேற்றம் தொடும் உயரம் வரை பச்சைப் பாசி படியும். கனலெட்டோவும் அவருடைய சகோதரி மகன் பெல்லோட்டோவும் தங்கள் வண்ண ஓவியங்களில் அந்தப் பாசிக்கோட்டை உள்ளபடி தீட்டியிருக்கிறார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் அதை இன்றைய பாசிக்கோட்டோடு ஒப்பிட்டு, அக்காலத்திலிருந்து நீர்மட்டம் வெனிசில் சுமார் 60 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று கணித்தார்கள். பாசியைக்கூட விடாத மனிதர் லண்டனுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாரா?

மைக்கூடு

தூண்வரிசை அவர்களின் கணக்கு அருமை. வானவிளிம்பு 20 பாகைக்குள் அடங்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 20 பாகைக்கு இடப்புறம் காலடி மேடையும் வலப்புறம் தென்கரையும் சேர்கின்றனவே, தாளை அகலமாக்குவது அவைதாம். சேர்ப்பு வேலை அங்கேதான் நடந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

பாசியை விடாதவர் என்பதும் உண்மை. அதே மனிதர்தான் இல்லாததையும் வரைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் கட்டுமானம் 1739இல் தொடங்கி 1750இல்தான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1747 வாக்கிலேயே கனலெட்டோ அதை முழுமையாக முடிந்த பாலமாகத் தீட்டி, அதன்கீழ் நகர மேயரின் படகு ஊர்வலத்தையும் விட்டார். இப்போது யேல் பல்கலைக்கழகத்துக்குரிய பிரித்தானியக் கலை மையத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில், நடு வளைவின்மேல் ஆற்றுத் தேவதைகளின் சிலைகள் அமர்ந்திருக்கின்றன. அந்தச் சிலைகள் பாலத்தில் ஒருநாளும் வைக்கப்படவே இல்லை. திட்டத்தில் இருந்தது, அவர் தாளைப் பார்த்து வரைந்துவிட்டார்.

வெனிசில் 1743இல் தீட்டிய ஓர் ஓவியத்தில் சான் மார்கோ தேவாலய முகப்பின் மேல்நின்ற வெண்கலக் குதிரைகளை இறக்கி, சதுக்கத்தில் பீடம் போட்டு நிறுத்தியிருக்கிறார். அது கற்பனைக் காட்சி என்று அறிவித்துச் செய்த வேலை என்பதால் அதை அவர்மேல் குற்றமாக வைக்கவில்லை. ஆனால் ஒரே கை இரண்டையும் ஒரே உறுதியோடு செய்கிறது. கோட்டைப் பார்த்து மட்டும் எது கண்டது, எது கட்டியது என்று பிரிக்க முடியாது என்பதே என் கவலை.

பழையவரைபடம்

இந்தத் தாள் யாருக்காக, எதற்காக வரையப்பட்டது என்று கேட்காமல் நம்பகத்தன்மையைப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

கனலெட்டோவின் இயற்பெயர் ஜொவான்னி அந்தோனியோ கனால். 1697இல் வெனிசில் பிறந்தவர். தந்தை நாடக மேடைக்குத் திரைச்சீலை தீட்டியவர், மகனும் அந்த வேலையில்தான் கை பழகினார். பின்னர் அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயச் செல்வர்கள். அவர்களுக்கும் அவருக்கும் இடையில் நின்று வியாபாரத்தை நடத்தியவர் வெனிசில் குடியேறிய ஆங்கிலேய வணிகர் ஜோசப் ஸ்மித். 1740இல் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டதும் பயணிகள் வரத்துக் குறைந்தது. வாங்குபவர்கள் வரவில்லை என்றால் விற்பவர் போக வேண்டியதுதான். 1746இல் லண்டன் வந்து சேர்ந்தார்.

அங்கே வரவேற்பு ஒரே சீராக இல்லை. ரிச்மண்ட் பிரபுவின் ஆற்றோர மாளிகைச் சன்னல்களிலிருந்து அவர் தீட்டிய இரண்டு காட்சிகள் பெரும்புகழ் பெற்றவை. இன்னொரு பக்கம், வந்திருப்பவர் உண்மையான கனலெட்டோவே அல்லர், பெயரை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர் என்ற வதந்தி கிளம்பியதை அக்காலத்துக் குறிப்பாளர் ஜார்ஜ் வெர்ட்யூ எழுதி வைத்திருக்கிறார். 1749இலும் 1751இலும் கனலெட்டோ செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, சில்வர் தெருவில் தாம் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து தம் ஓவியத்தைப் பார்க்கும்படி மக்களை அழைத்தார். அந்தத் தெரு இன்று பீக் தெரு. வீட்டில் நினைவுப் பலகை இருக்கிறது.

இந்த நெருக்கடியில் கோட்டோவியம் அவருக்கு முன்வரைவு மட்டுமாக இருந்திருக்க முடியாது. அவர் களத்தில் எடுத்த குறிப்புகள் எப்படி இருக்கும் என்று அறிய வெனிஸ் அக்காதெமியா கலைக்கூடத்தில் உள்ள குறிப்பேட்டைப் பாருங்கள்: சுருக்கமான கோடுகள், நிறங்களைக் குறிக்கும் சிற்றெழுத்துகள், ஒரு கட்டட வரிசை பக்கம் விட்டுப் பக்கம் நீண்டு போவது. நாம் பேசும் தாள் அந்த இனமே அன்று. இது பூச்சு கொடுத்து, ஒளி நிழல் தீர்ந்து, விலைக்குத் தயாரான முழுப்பொருள். இந்தக் காட்சி அக்காலத்திலேயே செப்புத்தகட்டு அச்சாகவும் விற்பனைக்கு வந்தது.

இதே சோமர்செட் மேடையிலிருந்து கிழக்கே லண்டன் நகரத்தையும் மேற்கே வெஸ்ட்மின்ஸ்டரையும் பார்க்கும் இணை வண்ண ஓவியங்கள் ஸ்மித்துக்காகத் தீட்டப்பட்டவை. ஸ்மித் 1762இல் தம் சேகரிப்பை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு 20,000 பவுனுக்கு விற்றபோது அவையும் அரச சேகரிப்புக்குப் போயின. இதில் எனக்குச் சுவையாகப்படுவது ஒன்று. ஸ்மித் வெனிசில் குடியேறியது 1700ஆம் ஆண்டளவில். செயின்ட் பால் குவிமாடம் அதற்குப் பிறகுதான் எழுந்து முடிந்தது. பிறந்த நாட்டின் தலைநகரை, தாம் கிளம்பும்போது இல்லாத குவிமாடத்தோடு, ஒரு வெனிஸ்காரரின் கை வழியாக அந்தக் கிழவர் பார்த்திருக்கிறார்.

தேம்ஸ்வாசி

இந்த ஊரிலேயே இருப்பதால் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கனலெட்டோ வரைந்த சோமர்செட் ஹவுஸ் இப்போது இல்லை. சோமர்செட் பிரபு 1547 அளவில் தொடங்கிய மாளிகை அது. பின்னாளில் அரசிகள் குடியிருந்தது. 1775இல் இடிக்கத் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து வில்லியம் சேம்பர்ஸ் கட்டியதே இன்றுள்ள கட்டடம். அந்தப் புதுக் கட்டடத்தின் அடிவளைவுகளையும் ஆறு நேராகத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. 1865 முதல் 1870 வரை விக்டோரியா கரைச்சாலை போடப்பட்டபோது ஆற்றை அகற்றி இடையில் சாலை, பாதாள ரயில், சாக்கடைக் குழாய் எல்லாம் வந்தன. ஆகவே கனலெட்டோவின் மேடை நின்ற இடத்தில் இன்று நின்றாலும் காலடியில் தண்ணீர் கிடையாது. சாலைக்கு அப்பால்தான் ஆறு. மேற்குப் பக்கம் வாட்டர்லூ பாலம் முட்டிக்கொண்டு நிற்கிறது. கிழக்கே குவிமாடம் இன்னும் தெரிகிறது, ஆனால் அதைச் சுற்றி நின்ற தேவாலயக் கோபுரங்கள் அலுவலகக் கட்டடங்களுக்குள் மறைந்துவிட்டன. 1666ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னின் பொறுப்பில் 51 தேவாலயங்கள் எழுந்தன என்பதை இன்று யாரும் வானவிளிம்பைப் பார்த்து நம்ப மாட்டார்கள். இந்தத் தாளைப் பார்த்தால் நம்பலாம்.

இன்னொன்று. கனலெட்டோவின் தேம்ஸ் வெனிஸ் கடற்கழி போல அமைதியாக இருக்கிறது, ஊர்ப்பழக்கத்தில் வரைந்துவிட்டார் என்று ஒரு குறை அடிக்கடி கேட்கிறேன். பழைய லண்டன் பாலத்தின் தடித்த தூண்களும் குறுகிய வளைவுகளும் ஆற்றுக்கு ஏறத்தாழ ஓர் அணையாக இருந்தன. நீர் வடியும் நேரத்தில் பாலத்தின் இரு பக்கமும் நீர்மட்டம் பெரிதும் வேறுபடும். படகோட்டிகள் அதன் கீழே புகுந்து போவதே உயிரைப் பணயம் வைக்கும் வேலை. மேற்பக்கத்து நீர் இன்றைவிட மெதுவாக ஓடியதால்தான் கடுங்குளிரில் ஆறு உறைந்து, அதன்மேல் சந்தை போட்டார்கள். 1814க்குப் பிறகு அப்படி நடக்கவில்லை, 1831இல் பழைய பாலம் இடிக்கப்பட்டது. நம் ஓவியம் காட்டுவது பாலத்தின் மேற்பக்கத்து நீரைத்தான். அது அமைதியாக இருப்பதற்கு வெனிசைக் காரணம் காட்டத் தேவையில்லை.

கடல்காற்று

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு சிறு ஐயம். கேமராவுக்கு முன்னோடியான இருட்டுப்பெட்டி (கேமரா ஆப்ஸ்கியூரா) வழியாகப் பிம்பத்தைத் தாளில் விழவைத்து அப்படியே தடம் பிடித்தார் என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன். அது உண்மையானால் மைக்கூடு அவர்களின் ‘சேர்த்து வரைந்தது’ என்ற வாதம் நிற்குமா?

வெளிர்தாள்

நல்ல கேள்வி. வெனிஸ் கொரெர் அருங்காட்சியகத்தில் ‘அ. கனால்’ என்று பெயர் பொறித்த இருட்டுப்பெட்டி ஒன்று இருக்கிறது. அக்காலத்து வெனிஸ் எழுத்தாளர் ஸானெத்தியும் கனலெட்டோ அந்தக் கருவியைப் பயன்படுத்தியதையும், அதில் நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் முறையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததையும் 1771இல் குறிப்பிடுகிறார். ஆகவே கருவியை அவர் அறிந்திருந்தார். கேள்வி, எந்தக் கட்டத்தில் என்பதுதான்.

கருவி வழியே தடம் பிடித்தால் கோடு தயங்கித் தயங்கிப் போகும், எல்லாம் ஒரே அழுத்தத்தில் விழும். அளவுகோலும் ஊசித்துளையும் தேவைப்படாது. அரச சேகரிப்பின் முடிந்த கோட்டோவியங்களில் அகச்சிவப்பு காட்டியது அதற்கு நேர்மாறானது: அளவுகோல், கவராயம், பிறகு தன்னிச்சையான கை. ஆகவே இருட்டுப்பெட்டிக்கு இடம் இருந்தால் அது களக் குறிப்புகளில் இருந்திருக்கலாம். விலைக்குப் போன தாளில் இல்லை. மேலும் பெட்டி ஒரு சமயத்தில் ஓரளவு அகலத்தைத்தான் தெளிவாகக் காட்டும். மேடையிலிருந்து தென்கரை வரை வேண்டுமென்றால் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து, கிடைத்த துண்டுகளைப் பின்னால் இணைக்க வேண்டும். அந்த வகையில் கருவி, மைக்கூடு அவர்களின் வாதத்துக்கு எதிரியன்று, துணைதான்.

பழையவரைபடம்

‘நின்று வரைந்தாரா’ என்ற கேள்வி இந்த மன்றத்தாருக்கு இன்னொரு வகையிலும் நெருங்கியது, அதனால் ஒரு சிறு விலகல். கனலெட்டோவின் பாணியைப் பார்த்துத் தாமும் தேம்ஸ் காட்சிகளைத் தீட்டி லண்டனில் பெயரெடுத்தவர் சாமுவேல் ஸ்காட். கனலெட்டோ வருவதற்கு முன்பே, 1732 வாக்கில், அவரும் நிலக்காட்சி ஓவியர் ஜார்ஜ் லம்பர்ட்டும் சேர்ந்து கிழக்கிந்தியக் கும்பினியின் லண்டன் தலைமையகத்துக்காக ஆறு ஓவியங்கள் தீட்டினார்கள். அவற்றில் ஒன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கடற்கரைத் தோற்றம். கட்டடங்கள் லம்பர்ட்டின் பொறுப்பு, கப்பல்கள் ஸ்காட்டின் பொறுப்பு; இருவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மற்றவர்கள் அனுப்பிய வரைபடங்களை வைத்துக்கொண்டு லண்டனிலேயே முடித்த வேலை. கும்பினி இயக்குநர்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் சென்னை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால், கனலெட்டோ எத்தனை துண்டுகளைச் சேர்த்திருந்தாலும், துண்டு ஒவ்வொன்றையும் தாமே போய்ப் பார்த்து எடுத்தவர். அந்த நூற்றாண்டின் அளவுகோலில் அது சாதாரண நேர்மையன்று.

தூண்வரிசை

சென்னைக் கோட்டைச் செய்திக்கு நன்றி. மைக்கூடு காட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் சிலைகளுக்கு என் பதில் இது. அங்கே அவர் முடியாத கட்டடத்தை முடித்துக் காட்டினார். புதுப் பாலத்தைப் பெருமையாகப் பார்க்க விரும்பியவர்களுக்காகச் செய்தது. சோமர்செட் காட்சியில் அப்படி முடித்துக் காட்ட வேண்டிய பெரிய கட்டடம் எதுவுமில்லை. எல்லாம் நின்றுகொண்டிருந்தவை. ஆகவே ஒரு படத்தின் குறையை இன்னொரு படத்தின்மேல் ஏற்றாமல், ஒவ்வொரு தாளையும் தனியாக விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நானே ஒரு குற்றச்சாட்டை முன்வைக்கிறேன்: புகை எங்கே? லண்டன் அடுப்புகளெல்லாம் நியூகாசிலிலிருந்து கடல்வழி வந்த நிலக்கரியில் எரிந்தன. 1661லேயே எழுத்தாளர் ஜான் எவ்லின் இந்தப் புகையைப் பற்றி மன்னருக்கு முறையிட்டு எழுதினார். செயின்ட் பாலின் வெண்கல் முகப்பே கட்டி முடிந்த சில பத்தாண்டுகளில் கறுத்துவிட்டது. கனலெட்டோவின் வானமோ துடைத்துவிட்ட வெனிஸ் வானம். 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலத்தின் விளிம்பும் கூர்மையாகத் தெரிகிறது. கட்டடங்களின் இருப்பிடம், உயரம், வடிவம் ஆகியவற்றுக்கு இந்தத் தாளைச் சாட்சிக்கு அழைப்பேன். காற்றுக்கும் ஒளிக்கும் அழைக்க மாட்டேன். கூட்டத்துக்கும் படகுகளின் எண்ணிக்கைக்கும் அழைக்க மாட்டேன், அவை காலியிடத்தை நிரப்ப வைத்தவை.

மைக்கூடு

அந்தப் பிரிவினை எனக்கு ஏற்புடையதே; நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் ஏறக்குறைய அதுதான். கட்டடத்துக்குச் சாட்சி, காற்றுக்குச் சாட்சியன்று. அதோடு ‘அகலத்துக்குச் சாட்சியன்று’ என்பதையும் நான் சேர்ப்பேன்.

படகுகளும் மனிதர்களும் நிரப்பு வேலை என்பதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். இடம் அவர் இஷ்டம், உண்மை. ஆனால் அவர் பேனா எப்படி ஓடியிருக்கிறது என்று அறிய அவைதாம் நல்ல இடம். அருகில் நிற்கும் ஆளுக்குத் தொப்பி, கோட்டு விளிம்பு, காலின் வளைவு என்று கோடுகள் தனித்தனியே உண்டு. சற்றுத் தள்ளி நிற்பவருக்கு ஒரு கொக்கியும் ஒரு புள்ளியும். படகில் இருப்பவர்களுக்குப் புள்ளிகள் மட்டும். நீருக்கு நீளக் கோடே கிடையாது. உடைந்து உடைந்து, மேலே ஒன்று கீழே ஒன்றாகக் கிடக்கும் சிறு நெளிவுகள், இடையிடையே மை தொடாத தாள். அந்தத் தொடாத தாள்தான் நீரின் பளபளப்பு. பூச்சு காய்ந்த பிறகு வெள்ளை எடுத்துத் திருத்த வழியில்லாத முறை இது, எங்கே தொடக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இங்கிலாந்துக் காலத்தில் இந்தக் கொக்கியும் புள்ளியும் அவருக்குப் பழக்கத்தின் சுருக்கெழுத்தாகிவிட்டன, கண் பார்க்காமலே கை எழுதுகிறது என்று விமர்சகர்கள் குறை சொல்கிறார்கள். சில வண்ண ஓவியங்களில் அது சரிதான், மனிதர்கள் அச்சு குத்தியதுபோல் விறைத்து நிற்கிறார்கள். மையில் அப்படிப் படவில்லை. வண்ணத்தில் விறைப்பாகத் தெரியும் அதே கொக்கி, பேனாவில் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கை கடைசி வரை தளரவும் இல்லை. 1766இல் சான் மார்கோ தேவாலயத்துப் பாடகர்களை வரைந்த தாளில், இது 68ஆம் வயதில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வரைந்தது என்று தம் கையாலேயே எழுதி வைத்தார். ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து இறந்துபோனார். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

கடல்காற்று

விளக்கங்களுக்கு நன்றி. அடுத்த ஆண்டு லண்டன் வர வாய்ப்பிருக்கிறது. கலைக்கூடத்துக்குப் போனால் இதைச் சுவரில் பார்க்க முடியுமா?

தேம்ஸ்வாசி

நிரந்தரமாக மாட்டி வைக்க மாட்டார்கள். மையும் தாளும் ஒளியில் கெடும் என்பதால் கோட்டோவியங்களை இருட்டில் பெட்டிகளில் வைத்து, கண்காட்சிக் காலத்தில் மட்டும் வெளியே எடுப்பது வழக்கம். ஆனால் கோர்ட்டால்டில் அச்சோவியங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் தனியாக ஆய்வறை இருக்கிறது. முன்கூட்டியே எழுதி, பார்க்க விரும்பும் தாளைக் குறிப்பிட்டு நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். பேனா கொண்டுபோகாதீர்கள், இத்தகைய அறைகளில் பென்சிலுக்குத்தான் இடம். ஒரு சின்ன உருப்பெருக்கி இருந்தால், அனுமதி கேட்டுவிட்டு, வெளிர்தாள் சொன்ன ஊசித்துளைகளைத் தேடிப் பாருங்கள். கோர்ட்டால்ட் இருப்பதே இன்றைய சோமர்செட் ஹவுஸில்தான், ஆகவே பார்த்து முடித்ததும் அதே கட்டடத்தின் ஆற்றோர மேடைக்கு வந்து கிழக்கே நோக்குங்கள். மைக்கூடும் தூண்வரிசையும் அகலத்தைப் பற்றிப் போட்ட சண்டையில் யார் பக்கம் என்று வந்து எழுதுங்கள்.